காளி யார் பெற்ற பிள்ளை?

உமாசந்திரன் என்ற பெயரைச் சொன்னால் ‘யார் அவர்?’ என்று கேட்பவர்கள்தான் இன்று அதிகம். காளி என்று சொல்லிப் பாருங்கள். மலையில் விஞ்ச் இயக்குகிற முரடன், தங்கை வள்ளிமேல் உயிரை வைத்திருப்பவன், ஒரு கை போன பிறகும் இன்ஜினீயர் முன்னால் தலை குனியாதவன் என்று மூச்சு விடாமல் சொல்வார்கள். கூடவே அந்தக் ‘கெட்ட பய’ வசனத்தை ரஜினியின் குரலிலேயே பேசியும் காட்டிவிடுவார்கள்.

அந்தக் காளியை முதலில் காகிதத்தில் பெற்றெடுத்தவர்தான் உமாசந்திரன். இயற்பெயர் பூர்ணம் ராமச்சந்திரன். வானொலியில் வேலை பார்த்தவர், நடிகர் பூர்ணம் விஸ்வநாதனின் உடன்பிறந்தவர். கல்கி வார இதழின் வெள்ளிவிழா நாவல் போட்டியில் முதல் பரிசு வாங்கிய கதை ‘முள்ளும் மலரும்’. பரிசு பெற்ற காலத்தில் வாரா வாரம் அதைக் காத்திருந்து படித்த குடும்பங்கள் தமிழ்நாடு முழுக்க இருந்தன. ஆனால் 1978 ஆகஸ்டில் படம் வெளியான பிறகு காளிக்கு ஒரே முகம்தான். அந்தக் கலைந்த தலைமுடியையும் வெறித்த பார்வையையும் எடுத்துவிட்டு இன்று அந்த நாவலைப் படிக்க முடியுமா என்று கேட்டால், கஷ்டம்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. படத்தை எடுத்த மகேந்திரன் அந்த நாவலை முழுக்கப் படிக்கவில்லை. அவரே இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறார். கொஞ்சம் படித்ததுமே விஞ்ச் ஆபரேட்டரான காளி அவரைப் பிடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு நாவல் தேவைப்படவில்லை, அவனை வைத்துத் தன் கற்பனையில் திரைக்கதையை எழுதிக்கொண்டார். இலக்கியவாதிகளுக்கு இது அநியாயமாகப் படலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பாத்திரம் சில பக்கங்களிலேயே இன்னொரு கலைஞனை இப்படி ஆட்கொள்கிறது என்றால், அதை எழுதியவரின் கை எவ்வளவு வலுவானதாக இருந்திருக்க வேண்டும்! அந்தக் கைக்கு உரிய மரியாதை பிறகு கிடைத்ததா என்பது வேறு கேள்வி.

நாவல்கள் படமாவது தமிழில் புதிதில்லை. பேசும்படம் வந்த சில ஆண்டுகளிலேயே தொடங்கிவிட்டது. ஆனால் எல்லாப் பாத்திரங்களும் காளியைப் போலப் புத்தகத்தை விட்டு வெளியேறி நடிகரின் உடம்பில் குடியேறிவிடுவதில்லை. சில பேர் போகிறார்கள். சில பேரை எவ்வளவு பெரிய நடிகர் கூப்பிட்டாலும் பக்கத்தை விட்டு அசையமாட்டேன் என்கிறார்கள். போனவர்கள் யார், போகாதவர்கள் யார் என்று பார்த்தால் நம் வாசிப்பைப் பற்றியும் நம் சினிமாவைப் பற்றியும் சில விஷயங்கள் பிடிபடுகின்றன.

கோடுகளில் இருந்த முகம்

முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘வாசகன் தன் மனதில் ஒரு முகத்தைக் கற்பனை செய்துகொள்கிறான், சினிமா வந்து அதைக் கெடுக்கிறது’ என்ற புகார் தமிழ்த் தொடர்கதைகளுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. நம் பாத்திரங்களுக்கு சினிமாவுக்கு முன்பே முகம் இருந்தது. அந்த முகத்தைக் கொடுத்தவர்கள் ஓவியர்கள். வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் மணியம், சிக்கல் சண்முகசுந்தரத்துக்கும் மோகனாம்பாளுக்கும் கோபுலு, கணேஷ் – வசந்துக்கு ஜெயராஜ். பத்திரிகை வந்ததும் கதையைப் படிக்கும் முன் படத்தைத்தான் பார்ப்பார்கள். தொடர் முடிந்ததும் அந்தப் பக்கங்களைக் கிழித்தெடுத்து பைண்டு செய்து வைப்பார்கள். விளம்பரமும் துணுக்கும் சேர்ந்தே வந்த அந்தத் தடித்த தொகுப்புகள் பல வீடுகளின் பரணில் இன்னமும் கிடக்கும்.

இதையும் தாண்டிய ஒரு சோதனை 1939இலேயே நடந்துவிட்டது. கல்கி ‘தியாகபூமி’யை ஆனந்த விகடனில் தொடராக எழுதியபோதே கே. சுப்ரமணியம் அதைப் படமாக எடுத்துக்கொண்டிருந்தார். தொடருக்கு ஓவியங்கள் போடாமல் படத்தின் ஸ்டில்களையே அச்சிட்டார்கள். சம்பு சாஸ்திரியாகப் பாபநாசம் சிவன், சாவித்திரியாக எஸ்.டி. சுப்புலட்சுமி, குழந்தை சாருவாக பேபி சரோஜா. வாசகர்கள் கதையை எழுத்துக்கூட்டிப் படிக்கும்போதே நடிகரின் முகத்தையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார்கள். புத்தகம் முதலா, படம் முதலா என்ற சண்டைக்கே இடமில்லாமல் இரண்டும் ஒரே பிரசவத்தில் வந்தன. படத்தை ஆங்கில அரசு தடை செய்தது தனிக்கதை. தடை அமலுக்கு வரும் முன் எல்லாரும் பார்த்துவிடட்டும் என்று சென்னை கெயிட்டி தியேட்டரில் இலவசமாகவே ஓட்டினார்கள்.

ஆக, தமிழ்ப் பாத்திரங்களின் முகத்தைத் திரை திருடியது என்று சொல்ல முடியாது. ஓவியரின் கோட்டில் இல்லாத இரண்டைத் திரை கொண்டு வந்தது: குரலையும் நடையையும். பாத்திரங்கள் இடம் மாறிப் போனதற்கு அவைதான் காரணம்.

வைத்தி நடந்த நடை

‘தில்லானா மோகனாம்பாள்’ இதற்குச் சரியான சாட்சி. கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் 1950களின் பிற்பகுதியில் எழுதிய தொடர். சுப்பு வெறும் எழுத்தாளர் இல்லை. ஜெமினியின் ஆள், நடிகர், பாடலாசிரியர், ‘ஔவையார்’ படத்தை இயக்கியவர். அதனால் தொடரை எழுதும்போதே அவர் கண்ணுக்குள் மேடையும் கேமராவும் இருந்திருக்கும். ஊர் ஊராகத் திருவிழா, கச்சேரி, ரயில் பயணம், சத்திரம், மைனர், ஜமீன், மகாராஜா என்று கதை அலைந்துகொண்டே இருக்கும். நாதஸ்வரத்தின் உலகத்தையும் சதிர் ஆடிய பெண்களின் உலகத்தையும் உள்ளே இருந்து தெரிந்துகொண்டவர் எழுதியது.

கதை உரிமை ஜெமினி அதிபர் எஸ்.எஸ். வாசனிடம் இருந்தது. ஏ.பி. நாகராஜன் அதை வாங்கி 1968இல் படமாக்கினார். சண்முகசுந்தரமாகச் சிவாஜி, மோகனாம்பாளாகப் பத்மினி. மதுரை எம்.பி.என். சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்த நாதஸ்வரம். இவற்றைப் பற்றி எழுதப்படாத வரி இல்லை. சிவாஜி கன்னத்தை உப்பி விரலை ஓட்டுவதைப் பார்த்து, அவரே வாசிக்கிறார் என்று நம்பியவர்கள் ஏராளம். சண்முகசுந்தரத்தில் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சாயலைத் தேடுகிறவர்கள் உண்டு. இன்று ராஜரத்தினம் பிள்ளையைப் பற்றிப் பேசத் தொடங்கினால்கூட நடுவில் சிவாஜி வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

ஆனால் என்னைக் கேட்டால், அந்த நாவலிலிருந்து முழுசாக வெளியேறிப் போனவர் நாயகனோ நாயகியோ இல்லை. சவடால் வைத்திதான். நாகேஷ் இரண்டு கையையும் வீசிக்கொண்டு, யாரிடம் என்ன கறக்கலாம் என்று கண்ணை உருட்டிக்கொண்டு வருவாரே, அந்த நடைக்கு அச்சில் ஈடு இல்லை. சுப்பு வைத்தியைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். வைத்தியின் சூழ்ச்சிகளை நிதானமாகப் படிக்கும்போது ஒரு தரகனின் பிழைப்புத் தந்திரமும் அதற்குள் இருக்கும் அசிங்கமும் தெரியும். நாகேஷிடம் அந்த அசிங்கத்தை நாம் சிரித்துக்கொண்டே மன்னித்துவிடுகிறோம். இதைப் படத்தின் வெற்றி என்றும் சொல்லலாம், நாவலின் இழப்பு என்றும் சொல்லலாம். ஜில் ஜில் ரமாமணியும் அப்படித்தான். நாடகக் கொட்டகையில் காலம் தள்ளுகிற ஒருத்தியின் ஏக்கத்தை மனோரமா ஒரு சிரிப்பில், ஒரு பார்வையில் முடித்துவிட்டார். அதற்குப் பிறகு எந்த வாசகரும் அந்தப் பாத்திரத்துக்கு வேறு குரலைப் பொருத்த முயலமாட்டார்.

இவர்களுக்கு முன்னோடி ஒருவன் உண்டு. மலைக்கள்ளன். எழுதியவர் நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை, சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞராக இருந்தவர். பட்சிராஜா ஸ்ரீராமுலு நாயுடு 1954இல் எடுத்த படத்தில் எம்.ஜி.ஆர். நடித்தார், கலைஞர் கருணாநிதி வசனம் எழுதினார். குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப் படம் அது. பிறகு தெலுங்கு, மலையாளம், கன்னடம் என்று போய் இந்தியில் ‘ஆசாத்’ ஆகி, திலீப்குமார் முகத்தையும் பூட்டிக்கொண்டான் அந்தக் கள்ளன். சிங்களத்தையும் விடவில்லை. கோட்டையில் தலைமைச் செயலக வளாகத்தின் பத்து மாடிக் கட்டடத்துக்குக் கவிஞரின் பெயர் இருக்கிறது. அவர் படைத்த கள்ளனை மட்டும் யாரும் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்வதில்லை.

இல்லாத அரக்கன்

மகேந்திரனிடம் திரும்ப வேண்டியிருக்கிறது. ‘முள்ளும் மலரு’க்கு அடுத்த ஆண்டு, 1979இல் அவர் எடுத்த ‘உதிரிப்பூக்கள்’ புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யைத் தழுவியது. தாயில்லாத குழந்தைகள், வீட்டுக்கு வரும் சின்னம்மா, இரண்டுக்கும் நடுவில் ஒரு தகப்பன். புதுமைப்பித்தனின் குறுநாவலில் கனம் முழுக்கக் குழந்தை மனதில் இருக்கிறது. பெரியவர்கள் பேசிக்கொள்வதைக் குழந்தை எப்படிக் கேட்கிறது, எதை எப்படித் தப்பாகப் புரிந்துகொள்கிறது என்பதில்தான் அவர் கவனம்.

படத்தில் நம் நினைவில் நிற்பது விஜயன் நடித்த சுந்தரவடிவேலு. குரலை உயர்த்தாமல், வெள்ளை வேட்டி கசங்காமல், ஒரு குடும்பத்தையும் ஊரையும் நசுக்குகிற ஆள். தமிழ் சினிமாவில் அவனைப் போன்ற ஒரு கொடியவனை அதற்கு முன் நாம் பார்த்ததில்லை. வில்லன் என்றால் சிரிக்க வேண்டும், கத்த வேண்டும் என்றிருந்த காலத்தில் அமைதியாக இருந்தே பயமுறுத்தினான். கடைசியில் ஊரே அவனை ஆற்றுக்குள் இறக்குகிறது. அந்த இடத்தில் நமக்கு நிம்மதி வராமல் குற்ற உணர்ச்சி வருகிறது. இந்த அரக்கனைப் புதுமைப்பித்தன் எழுதவில்லை. மகேந்திரன் ஒரு தீப்பொறியை வாங்கிக்கொண்டு போய்த் தன் வீட்டில் அடுப்பு மூட்டினார். அதை அவர் மறைக்கவும் இல்லை.

புதுமைப்பித்தனுக்கும் சினிமாவுக்கும் இருந்த உறவை நினைத்தால் மனம் கசக்கும். பத்திரிகை வருமானம் போதாமல் சினிமாவுக்கு எழுதப் போனார். சொந்தமாகப் படம் எடுக்கக் கம்பெனிகூட ஆரம்பித்துப் பார்த்தார். எம்.கே. தியாகராஜ பாகவதரின் ‘ராஜமுக்தி’க்கு வசனம் எழுதப் புனே போனவர் காசநோயோடு திரும்பினார். 1948 ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் இறந்தபோது அவருக்கு வயது 42. அவர் உயிரோடு இருந்தபோது அவருக்கு எதுவும் கொடுக்காத சினிமா, 31 வருடங்கள் கழித்து அவர் கதையிலிருந்து தன்னுடைய மிகச் சிறந்த படங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டது.

மகேந்திரன் இரண்டு முறையும் செய்தது ஒரே காரியம்தான். நாவலின் சம்பவங்களை வரிசையாக எடுத்து வைக்கவில்லை. ஒரு மனிதனை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தார். ‘தங்கப்பதக்க’த்துக்கு எழுதியவர் என்பதால் வசனம் தூள் பறக்கும் என்று எதிர்பார்த்த ‘முள்ளும் மலரும்’ தயாரிப்பாளருக்குப் படத்தில் பேச்சே இல்லையே என்று பெரிய ஏமாற்றம். பேச்சைக் குறைத்த இடத்தையெல்லாம் பாலு மகேந்திராவின் ஒளியும் இளையராஜாவின் இசையும் ரஜினியின் உடம்பும் நிரப்பின. எழுத்தாளர் ஒரு பக்கம் முழுக்க விளக்குகிற கோபத்தை, பீடியைப் பிடிக்கிற விதத்தில் சொல்லிவிட முடிந்தால் அந்தப் பக்கம் மறந்துபோவது இயற்கை. தனக்குப் பிடித்த இயக்குநர் யார் என்று பாலசந்தரே மேடையில் கேட்டபோது ரஜினி மகேந்திரன் பெயரைச் சொன்னார். குருநாதரை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல வைத்தவன் காளி.

எழுதியவரே கூட வந்தபோது

கங்காவின் கதை வேறு மாதிரி. இவளை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. பெற்றவரே கையைப் பிடித்துத் திரைக்கு அழைத்து வந்தார்.

1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ வந்தது. மழை நாளில் ஒருவனின் காரில் ஏறிக் கெடுக்கப்பட்டு வீட்டுக்கு வருகிற கல்லூரிப் பெண்ணின் தலையில் அவள் அம்மா தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். ஊர் கொந்தளித்தது. முடிவை மாற்றி வேறு பேர் கதை எழுதும் அளவுக்குச் சண்டை. ஜெயகாந்தன் அதற்குப் பதிலை ஒரு நாவலாக எழுதினார். சரி, அந்த அம்மா வாயை மூடிக்கொண்டு தண்ணீர் ஊற்றாமல், கத்தி ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள்? அதுதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கங்காவே தன் வாயால் சொல்கிற நாவல் அது. வெளியே நடப்பது குறைவு, அவள் தலைக்குள் நடப்பதுதான் அதிகம். ஒரு பெண் முப்பது வயதுக்கு மேல், தன்னைக் கெடுத்தவனையே தேடிப் போய் நட்பாகிறாள் என்பதை வெறும் சம்பவமாகச் சொன்னால் யாரும் ஏற்கமாட்டார்கள். அவள் எண்ணத்தின் வழியாகப் போனால்தான் நம்ப முடியும்.

இப்படிப்பட்ட பாத்திரம் திரையில் தோற்றிருக்க வேண்டும். தோற்கவில்லை. திரைக்கதை வசனத்தை ஜெயகாந்தனே எழுதினார், பாட்டும் எழுதினார். பீம்சிங் அடக்கமாக இயக்கினார். சிவாஜியை வைத்துக் கண்ணீர்க் காவியங்கள் எடுத்தவரா இவர் என்று வியக்கும் அளவுக்கு அடக்கம். லட்சுமிக்கு 1976ஆம் ஆண்டின் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. அவர் கங்காவாக நடித்ததில் எனக்குப் பெரிதாகப் படுவது அந்த இறுக்கம். உதடு பேசும்போதுகூட முகம் எதையோ பூட்டி வைத்திருக்கும். நாவலில் நூறு பக்கம் ஓடுகிற தனிமொழி அந்தப் பூட்டுக்குள் இருந்தது. பிரபுவாக நடித்த ஸ்ரீகாந்தும் சளைக்கவில்லை. கதையில் எழுத்தாளர் ஆர்.கே.வி. என்று ஒருவர் வருவார். அவர் கிட்டத்தட்ட ஜெயகாந்தனேதான். அந்த வேஷத்துக்கு நாகேஷைப் போட்ட துணிச்சலுக்கு இன்னொரு விருது கொடுத்திருக்கலாம்.

அப்படியும் கணக்கு சரியாகவில்லை. கங்காவை லட்சுமியாக மட்டும் தெரிந்தவர்களுக்கு அவள் கதை படத்தோடு முடிந்துவிடுகிறது. ஜெயகாந்தன் ‘கங்கை எங்கே போகிறாள்’ என்று இன்னொரு நாவலும் எழுதினார். படம் பார்த்துக் கலங்கிய கூட்டத்தில் மிகச் சிலர்தான் அந்தப் புத்தகம் வரைக்கும் வந்திருப்பார்கள். திரையில் முகம் கிடைத்துவிட்டால் பாத்திரத்துக்கு வயது நின்றுவிடுகிறது.

ஒரே வருடம், ஒரே நடிகர்

இனி, போகமாட்டேன் என்றவர்கள். காளி வந்த அதே 1978இல், டிசம்பரில் ரஜினிக்கு இன்னொரு படம் வந்தது. சுஜாதாவின் ‘ப்ரியா’. அதில் அவர் வக்கீல் கணேஷ்.

கணேஷை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1968இல் ‘நைலான் கயிறு’ தொடங்கி சுஜாதா எழுதிய காலம் வரை நம்மோடு இருந்தவர். படம் நன்றாகவே ஓடியது. இளையராஜாவின் பாட்டுகளை இன்றும் கேட்கிறார்கள். ஸ்ரீதேவி இருந்தார். நாவலின் லண்டன் படத்தில் சிங்கப்பூர் ஆனது. எல்லாம் இருந்தும் ஒன்று மட்டும் நடக்கவில்லை. ‘கணேஷ்’ என்று சொன்னால் யாருக்கும் ரஜினி நினைவுக்கு வருவதில்லை. ஒரு வருடம் முன்பு ‘காயத்ரி’யில் ஜெய்சங்கர் கணேஷாக வந்தார். அவரும் ஒட்டவில்லை. தன் கதைகள் படமான விதத்தைப் பற்றி சுஜாதா பிறகு நக்கலாகவே எழுதிக்கொண்டிருந்தார்.

ஒரே நடிகர், ஒரே வருடம். ஒரு பாத்திரம் அவரோடு ஒட்டிக்கொண்டது, இன்னொன்று வழுக்கிக்கொண்டு போய்விட்டது. நடிப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. கணேஷ் எங்கே இருக்கிறார் என்று கேட்டால் விடை கிடைக்கும். அவர் சுஜாதாவின் வாக்கியத்தில் இருக்கிறார். பாதியில் முறியும் பேச்சு, பத்தி முடியும் முன் மாறிவிடும் காட்சி, வசந்த் ஏதோ விஷமமாகச் சொல்லப்போக கணேஷ் தடுக்கும் கால அளவு, இதெல்லாம்தான் கணேஷ். அந்த வாக்கியங்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கோட்டு போட்ட ஒரு வக்கீல். காளிக்கோ வாக்கியம் தேவையில்லை. அவனுக்கு ஒரு தொழில் இருக்கிறது, ஒரு மலை இருக்கிறது, வெட்டுப்பட்டுப் போகிற ஒரு கை இருக்கிறது. சண்முகசுந்தரத்துக்கு நாதஸ்வரம் இருக்கிறது, மோகனாம்பாளுக்குச் சலங்கை இருக்கிறது. உடம்பால் வாழ்கிறவர்கள் திரைக்குச் சுலபமாகப் பெயர்ந்துவிடுகிறார்கள். கங்கா மட்டும் விதிவிலக்கு, அதற்கும் ஜெயகாந்தனே வர வேண்டியிருந்தது.

தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ இன்னொரு சாட்சி. ஞான ராஜசேகரன் 1995இல் எடுத்த படத்தை அசிரத்தையான முயற்சி என்று யாரும் சொல்ல முடியாது. முதல் பட இயக்குநருக்கான தேசிய விருதை அது பெற்றது. ரங்கண்ணாவாக நெடுமுடி வேணு அபாரம். ஆனாலும் பாபுவும் யமுனாவும் இன்றுவரை கும்பகோணத்துத் தெருக்களோடு புத்தகத்துக்குள்ளேயேதான் இருக்கிறார்கள். பாபுவின் மோகம் அவன் மனதில் வருடக்கணக்காகப் புளிக்கிறது. அந்தப் புளிப்பேறுகிற காலத்தை வாசகரும் கூடவே கழித்தால்தான் கடைசியில் யமுனா கேட்கிற சின்னக் கேள்வி நெஞ்சில் இறங்கும். இரண்டரை மணி நேரத்தில் அதற்கு வழியில்லை.

வந்தியத்தேவன் விஷயம் இந்த இரண்டு வகையிலும் சேராது. ‘பொன்னியின் செல்வன்’ கல்கியில் 1950 முதல் 1954 வரை வந்தது. அதைப் படமாக்கப் போவதாக எம்.ஜி.ஆர். 1950களிலேயே அறிவித்தார். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் தன் முன்னாலேயே சினிமாவை விளாசிப் பேசிய ஒரு மாணவனை நினைவு வைத்திருந்து, பிற்பாடு அவனை அழைத்துத் தன் வீட்டிலேயே தங்க வைத்துத் திரைக்கதை எழுதச் சொன்னார். அந்த மாணவன்தான் மகேந்திரன். படம் வரவில்லை. எம்.ஜி.ஆர். வந்தியத்தேவனாக நடித்திருந்தால் இந்தக் கட்டுரையில் அவருக்குத் தனி அத்தியாயம் தேவைப்பட்டிருக்கும், வேறு எந்த முகமும் பிறகு அங்கே நின்றிருக்காது என்பது என் ஊகம். மணிரத்னம் 2022, 2023 ஆண்டுகளில் இரண்டு பாகமாக எடுத்தபோது எழுபது வருட வாசிப்பு அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தது. மணியத்தின் கொண்டை எங்கே, ஆழ்வார்க்கடியானின் தொப்பை எங்கே என்று தியேட்டரிலேயே கேட்டார்கள். கார்த்தி வந்தியத்தேவனின் குறும்பை நன்றாகவே பிடித்தார். இருந்தாலும் அவர் வந்தியத்தேவனாக ‘நடித்தார்’ என்றுதான் சொல்கிறோம். காளியை அப்படிச் சொல்வதில்லை.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி புகைமூட்டமாகவே விட்டார். வாசகர்கள் தலைமுறை தலைமுறையாக அதைச் சண்டை போட்டுத் தீர்க்கப் பார்க்கிறார்கள். படம் அந்த அறைக்குள் கேமராவோடு நுழைந்தாக வேண்டியிருந்தது. கேமரா இருக்கிற இடத்தில் சந்தேகத்துக்கு இடம் குறைந்துவிடுகிறது. நந்தினி புத்தகத்தில் இருந்தபோது அவள் நல்லவளா கெட்டவளா என்று நமக்குத் தெரியாது. ஐஸ்வர்யா ராயின் கண்ணில் கண்ணீரைப் பார்த்த பிறகு தெரிந்துவிடுகிறது.

நல்லதும் நடந்தது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். படம் வந்த சமயத்தில் பழைய புத்தகக் கடை முதல் புத்தகக் காட்சி வரை ஐந்து பாகக் கட்டுகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. தமிழ் படிக்கத் தடுமாறுகிற பிள்ளைகள்கூட ஒலிப்புத்தகத்தில் கேட்டார்கள். திரை எப்போதும் புத்தகத்தை விழுங்கிவிடும் என்பது உண்மை இல்லை. புத்தகத்தை ஏற்கெனவே ஊரே சுமந்துகொண்டிருந்தால் திரையும் அதற்கு ஆள் சேர்க்கத்தான் செய்யும். உமாசந்திரனைச் சுமக்க அப்படி ஒரு கூட்டம் இருக்கவில்லை.

பதினைந்து வயதுப் பையன்

எனக்கு உண்மையான ஆதங்கம் உள்ள இடத்துக்குக் கடைசியாக வருகிறேன். பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வெளிவந்தது. தனுஷ் பிறந்ததே அடுத்த வருடம்தான். 2019இல் வெற்றிமாறன் அதை ‘அசுரன்’ ஆக்கினார். தனுஷுக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது. தெலுங்கில் வெங்கடேஷ் நடித்து ‘நாரப்பா’ ஆனது. சிவசாமி இன்று தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த பெயர். மகனிடம் நிலத்தைப் பிடுங்கலாம், பணத்தைப் பிடுங்கலாம், படிப்பைப் பிடுங்க முடியாது என்று அவர் சொல்வதை அரசியல் மேடைகளில்கூடக் கேட்கிறோம்.

நல்ல படம், அதில் சந்தேகமில்லை. ஆனால் ‘வெக்கை’ சிவசாமியின் கதை இல்லை. சிதம்பரம் என்கிற பதினைந்து வயதுப் பையனின் கதை. அண்ணனைக் கொன்றவனின் கையை மட்டும் வெட்ட நினைத்து, ஆளையே கொன்றுவிடுகிறான். பிறகு அவனும் அய்யாவும் கரிசல் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிறார்கள். நாவலில் நடப்பது இவ்வளவுதான். கிடைத்ததைச் சுட்டுத் தின்பது, கிணற்றில் குளிப்பது, பாறை இடுக்கில் தூங்குவது, வீட்டை நினைத்துக்கொள்வது. அய்யா மகனைத் திட்டவில்லை, வீரன் என்று கொண்டாடவும் இல்லை. ஒரு வேலையைச் சேர்ந்து செய்கிறவர்கள் மாதிரி இருவரும் பேசிக்கொள்கிறார்கள். சாதிப் பெயரை ஒரு இடத்திலும் பூமணி எழுதவில்லை. முடிவில் கோர்ட்டில் சரணடையக் கிளம்புகிறார்கள்.

படத்தின் மையத்தில் நிற்கிற சிவசாமியின் இளமைக்கால முன்கதை, கீழ்வெண்மணியை நினைவூட்டும் அந்தத் தீ, எல்லாம் வெற்றிமாறன் விரித்துக் கட்டியவை. ஒரு நட்சத்திரத்தை வைத்துப் படம் எடுக்கும்போது கதையின் எடை அவர் தோளுக்கு நகர்வது தவிர்க்க முடியாததுதான். கென் கருணாஸ் சிதம்பரமாக நன்றாக நடித்தார். ஆனால் படத்தில் பையன் செய்த கொலை அப்பாவின் கடந்த காலத்தை நமக்குச் சொல்ல ஒரு சாக்காகிவிட்டது. கோபப்பட்டவன் பிள்ளை, புகழ் பெற்றது தகப்பன். ‘முள்ளும் மலரு’ம் ‘தில்லானா’வும் தாங்கள் எடுத்துக்கொண்ட பாத்திரத்தைப் பெரிதாக்கின. இங்கே ஒரு பாத்திரம் பெரிதாவதற்காக இன்னொன்று ஒதுங்க வேண்டியிருந்தது. ஒதுங்கியவன்தான் நாவலின் உயிர்.

பூமணிக்கு சினிமா தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. ‘கருவேலம்பூக்கள்’ படத்தை இயக்கியவர் அவர். ‘அஞ்ஞாடி’க்காக 2014இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். ‘வெக்கை’ ஆங்கிலத்திலும் வந்திருக்கிறது. ‘அசுரன்’ வந்த பிறகு அந்தச் சின்ன நாவலைத் தேடி வாங்கியவர்கள் பலர். அவர்களில் சிலர், படத்தில் இருந்தது புத்தகத்தில் இல்லையே என்று ஏமாந்து பேசுவதையும் கேட்டிருக்கிறேன். சண்டைக் காட்சியைத் தேடியவர்களுக்கு அங்கே கிடைத்தது பசியும் வெயிலும்.

அவர்களுக்கும், இனி வாங்கப் போகிறவர்களுக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. தனுஷின் முகம் குறுக்கே வருமே என்று தயங்க வேண்டாம். பூமணி முதல் பக்கத்திலேயே கொலையை முடித்துவிடுகிறார். அங்கே அரிவாளோடு இருப்பவன் பையன்தான், அப்பா இல்லை. சிவசாமி யார் என்று நீங்கள் தேடத் தொடங்குவதற்குள் சிதம்பரம் உங்களையும் இழுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்துவிடுவான்.